ஒட்டிப்போன சக்கரம்

முதல் நாள் வருகிற பிள்ளைக்கு நான் கொடுப்பது ஒரு அட்டைப்பெட்டி, நாலு பாட்டில் மூடி, ரெண்டு மூங்கில் குச்சி, ரெண்டு ஜூஸ் ஸ்ட்ரா, ஒரு டேப். மூடிகளின் நடுவில் ஏற்கெனவே ஓட்டை போட்டிருப்பேன். ஜன்னலோரம் ஒரு பலகை சாய்த்து வைத்திருக்கும். "இதுல தானா இறங்குற மாதிரி ஒரு வண்டி பண்ணு, பாக்கலாம்." அதோடு என் பேச்சு முடிந்தது. குச்சி எதற்கு, ஸ்ட்ரா எதற்கு என்று சொல்ல மாட்டேன்.

பத்துப் பிள்ளைகளில் ஆறேழு பேர் குச்சியையும் ஸ்ட்ராவையும் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். மூடி நாலையும் பெட்டியின் பக்கவாட்டில் வைத்து, டேப் போட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஒட்டுவார்கள். முடித்ததும் பார்க்க அசல் வண்டிதான். பலகையில் வைத்தால் அசையாது.

கோயம்புத்தூர் கணபதியில், மாடி அறை ஒன்றில், ஐந்து வயதிலிருந்து ஒன்பது வயது வரையிலான பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வெளியே தொங்குகிற பலகையில் 'ரோபோட்டிக்ஸ்' என்று போட்டிருக்கிறது. அப்படிப் போடாவிட்டால் யாரும் படியேறி வர மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் இந்த ஒட்டிப்போன சக்கரம் மட்டும் மாறவே இல்லை. காரில் வந்து இறங்குகிற பிள்ளையும் அதைத்தான் செய்கிறது, அப்பாவின் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு வருகிற பிள்ளையும் அதைத்தான் செய்கிறது. முதல் சில வருஷம், சக்கரம் சுற்றுவதைத் தினமும் பார்க்கிற பிள்ளைக்கு இது எப்படித் தெரியாமல் போகும் என்று குழம்பியிருக்கிறேன். பிறகு ஒருநாள் ஒரு பையன் வரைந்த பஸ் படத்தைப் பார்த்தபோது விளங்கியது. செவ்வகம், அதன் அடியில் ஒட்டினாற்போல் ரெண்டு வட்டம். அவர்கள் அட்டையில் செய்வதும் அந்தப் படத்தைத்தான். சுற்றுகிற ஒன்று சுற்றாத ஒன்றுக்குள் கொஞ்சம் தளர்வாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்கிற சங்கதி, எந்த வண்டியிலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் நடக்கிறது.

பிழையைப் பார்த்துவிட்டு அதன் காரணத்துக்குப் போகிற இந்தப் பழக்கம் எனக்குக் கல்லூரியில் வந்ததில்லை. அப்பாவின் கடையில் வந்தது. அவருக்கு மோட்டார் காயில் கட்டுகிற வேலை. அன்னூர், அவினாசி, பல்லடம் பக்கத்துக் கிணறுகளிலிருந்து எரிந்துபோன பம்ப் மோட்டார்கள் வரும். வார்னிஷ் வாசம் கடைக்குள் எப்போதும் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால், கையால் சுற்றுகிற காயில் மிஷினில் எத்தனை சுற்று ஆனது என்று எண்ணிச் சொல்வது என் வேலை.

மோட்டாரைத் திறந்ததும் அப்பா பழைய காயிலை வெட்டி எறிந்துவிட மாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு எரிந்த விதத்தைப் பார்ப்பார். சில கட்டுகள் மட்டும் வரிசை மாறாமல் கரியாகி, இடையிடையே மற்றவை புதுசு போலப் பளபளவென்று இருந்தால், ஒரு பேஸ் விட்டுப்போன பிறகும் மோட்டார் ஓடியிருக்கிறது. சுற்றிலும் ஒரே சீராகக் கருகியிருந்தால் அதிக லோடு, இல்லாவிட்டால் பம்ப் இறுகியிருக்கிறது. ஒரே இடத்தில் பொத்தல் விழுந்த மாதிரி இருந்தால் கம்பியின் எனாமல் அங்கே உரிந்திருக்கிறது. இவ்வளவும் பார்த்துவிட்டுத்தான் வந்தவரிடம் கேட்பார்: "ஏனுங், ராத்திரி ரெண்டு பேஸ் கரண்டுல கண்டென்சர் போட்டு ஓட்டுனீங்களாக்கும்?" வந்தவர் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார்.

என்னிடம் சொல்வார்: "அம்மிணி, பாக்காமக் கட்டிக் குடுத்தா அடுத்த மாசம் இதே மோட்டார் இதே வண்டியில வரும்."

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், ரெண்டு வருஷம் வேலைக்குப் போனேன், பிடிக்கவில்லை, விட்டேன். பிறகு ஊரில் ஒரு ரோபோட்டிக்ஸ் பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். அங்கே எல்லாம் பெட்டியில் வரும். கலர் கலராகத் துண்டுகள், மோட்டார், சென்சார், கூடவே படம் போட்ட கையேடு. முதல் படத்தில் ரெண்டு துண்டு, அடுத்த படத்தில் மூணு. அப்படியே போனால் நாற்பத்தைந்து நிமிஷத்தில் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரே ரோபோவைக் கட்டி முடித்திருப்பார்கள். போட்டோ எடுத்து அம்மா அப்பாவுக்கு அனுப்புவோம். பிறகு அதை எல்லாம் பிரித்துப் பெட்டிக்குள் போட வேண்டும், அடுத்த பேட்ச் வந்துவிடும். ஒரு ஏழு வயதுப் பையன், கறுப்புக் கோட்டின் மேலேயே போகிற வண்டியை ஒரு பிசகும் இல்லாமல் கட்டியிருந்தான். அதில் இருந்த சின்னப் பல்சக்கரத்தைக் காட்டி, "இது எதுக்குடா?" என்றேன். அவன் யோசிக்கவே இல்லை. "அது இருபத்தி மூணாவது ஸ்டெப் மிஸ்."

அந்தப் பதிலில் அவன் தப்பு ஒன்றும் இல்லை. பிழை வர வழியே இல்லாத வேலையை நாங்கள்தான் கொடுத்திருந்தோம்.

பெட்டிகளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. லீகோ நிறுவனம் 1998ல் கொண்டுவந்த ரோபோப் பெட்டிக்கு 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2022ல் அதை நிறுத்தியும் விட்டார்கள். அந்தப் பெயர் சீமோர் பேப்பர்ட் 1980ல் எழுதிய புத்தகத்தின் பெயர். மையத்தின் அலமாரியில் பெட்டி இருந்தது, புத்தகம் இல்லை. நான் அதைத் தேடிப் படித்தது பிற்பாடு. பேப்பர்ட் கணிதக்காரர். ஜெனீவாவில் பியாஜேயோடு சில வருஷம் வேலை செய்தவர். பியாஜே, பிள்ளைகள் சொல்கிற தப்பான பதில்களை வைத்தே அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தவர். பேப்பர்ட் அந்தப் புத்தகத்தின் முன்னுரையில், பொடியனாக இருந்தபோது தனக்குப் பல்சக்கரங்கள் மேல் இருந்த பித்தைத்தான் எழுதுகிறார். கணக்கைப் பின்னால் அவர் அந்தப் பல்சக்கரங்களின் வழியாகத்தான் பார்த்தாராம். படிக்கும்போது எனக்குக் கடையின் காயில் மிஷின் கைப்பிடி உள்ளங்கையில் உறுத்தியது.

மையத்தை விட்டு வந்து, அப்பா கடைக்கு மேலேயே ஆரம்பித்தேன். அறையில் இருப்பவற்றைப் பார்த்துச் சில பெற்றோருக்கு முகம் விழுந்துவிடும். பம்ப் வந்த அட்டைப்பெட்டிகள், ஐஸ் குச்சி, ரப்பர் பேண்ட், துணிக்கிளிப், பழைய சீடி, சைக்கிள் கடையில் மீட்டர் கணக்கில் வாங்கிய வால்வ் ட்யூப். இந்த வால்வ் ட்யூப் யோசனை அர்விந்த் குப்தாவுடையது. 1970களில் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமங்களில் தீக்குச்சியையும் வால்வ் ட்யூபையும் வைத்து வடிவங்கள் கட்டிக் காட்டியவர். சதுரம் கட்டினால் சாய்ந்து படுத்துவிடும். முக்கோணம் கட்டினால் எந்தப் பக்கம் அமுக்கினாலும் நிற்கும். இதை நான் சொன்னதே இல்லை. படுத்துவிட்ட சதுரத்தின் குறுக்கே ஒரு குச்சியைத் தானாகவே வைத்துப் பார்க்கிற பிள்ளை எப்போதும் ஒன்றாவது இருக்கும். கூட்டத்தில் மற்றவர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். காப்பி அடிக்காதே என்று நான் சொல்வதில்லை.

மோட்டார் என்றால் மஞ்சள் நிறத்தில் பல்சக்கரம் உள்ளேயே வைத்து வருகிற மலிவு மோட்டார்தான். ரெண்டு பென்சில் பேட்டரி போதும். பட்டன் பேட்டரியை அறைக்குள் விடுவதே இல்லை. டூத் பிரஷ் தலையில் பட்டன் பேட்டரியும் செல்போன் அதிர்வு மோட்டாரும் ஒட்டிப் பூச்சி மாதிரி ஓடவிடுகிற விளையாட்டு எங்கும் பிரபலம். நானும் ஆரம்பத்தில் செய்திருக்கிறேன். சின்னப் பிள்ளை அந்தப் பேட்டரியை விழுங்கினால், உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டு ரெண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்துவிடும் என்று ஒரு டாக்டர் அம்மா சொன்ன அன்றே மொத்தத்தையும் அள்ளிக் கீழே அப்பாவிடம் கொடுத்துவிட்டேன்.

சக்கரத்துக்கு வருகிறேன்.

ஒண்ணாம் வகுப்புக்காரி ஒருத்தி. இரட்டைச் சடை, பேச்சுக் குறைவு. எல்லாரையும் போல அவளும் நாலு மூடியையும் ஒட்டினாள். பலகையில் வைத்தாள். அசையவில்லை. மூடி சின்னதாக இருக்கிறது என்று நினைத்தாள் போல, அடுத்து ஊறுகாய் டப்பாவின் மூடிகளைத் தேடி எடுத்து ஒட்டினாள். அசையவில்லை. பலகையைப் பார்த்தாள். அலமாரியிலிருந்து ரெண்டு தடிப் புத்தகத்தை எடுத்துப் பலகைக்கு அடியில் வைத்தாள். அசையவில்லை. இன்னும் ரெண்டு. இப்போது வண்டி சர்ரென்று சறுக்கிக்கொண்டு கீழே வந்தது. "ஓடுது மிஸ்!"

ஓடவில்லை, வழுக்கியது. மூடிகள் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. எனக்கு வாய் வரைக்கும் வந்தது. அவள் அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார், அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ரெண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளை அன்றைக்கு வெற்றியோடு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை பக்கத்துப் பையன் ஒருவன் குச்சியை ஸ்ட்ராவுக்குள் விட்டுச் செய்த வண்டி, பலகையில் இறங்கித் தரையிலும் உருண்டு, கதவு வரைக்கும் போய் முட்டியது. இவளுடையது பலகை முடிந்த இடத்திலேயே நின்றது. அவள் அவன் வண்டியை எடுத்துப் பார்க்கவில்லை. தன் வண்டியைத் திருப்பிப் போட்டு, டேப்பையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது சித்திரை மாதம். அடுத்த வாரம் அவளுடைய அப்பாரு கூட வந்தார். கையில் நுங்கு வண்டி. நுங்கைத் தோண்டிச் சாப்பிட்டு மிஞ்சிய குரும்பை ரெண்டு, நடுவில் செருகிய ஒரு குச்சி, தள்ளுவதற்கு நீளமான கவட்டைக் கொம்பு. "ஏனுங் டீச்சரம்மா, பேத்தி வண்டி வண்டின்னு தூங்க மாட்டேங்குது. எனக்குத் தெரிஞ்ச வண்டி இதுதானுங்" என்றார். அவள் வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஏழெட்டு நடைக்குப் பிறகு நின்றாள். குந்தி உட்கார்ந்து, ஒரு கையால் கவட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குரும்பையை மெதுவாக உருட்டினாள். மறுபடி உருட்டினாள். கவட்டை குச்சியின் மேல் உட்காருகிற அந்த ஒரு இடத்தில்தான் கண் இருந்தது. "மிஸ், குச்சி சுத்துது. கவட்டை சுத்தலே."

இதைக் கதையாகச் சொன்னால் இங்கேயே கைதட்டி முடித்துவிடலாம். நிஜத்தில் அதற்குப் பிறகும் அவளுக்கு மூணு வாரம் ஆனது. ஸ்ட்ராவைப் பெட்டிக்கு அடியில் வைத்து டேப்பால் இறுக்கினாள். 2019ல் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து எங்களுக்குக் கிடைப்பது காகித ஸ்ட்ராதான். அது டேப்பின் இறுக்கத்தில் நசுங்கி, உள்ளே குச்சியைக் கவ்விக்கொண்டது. மறுபடியும் ஒட்டிப்போன சக்கரம்! ஸ்ட்ராவைப் பிய்த்துப் போட்டுவிட்டு, மை தீர்ந்த பேனாக் குழாயைக் கொண்டுவந்தாள். உருண்டது. ஆனால் அவள் ஊறுகாய் மூடிகளை விட மாட்டேன் என்றாள். அவற்றில் ஓட்டை அவளே குறித்தது, நடுவில் இல்லை. வண்டி நொண்டி ஆடு மாதிரி ஏறி ஏறி இறங்கியது. மூடியைக் காகிதத்தில் வைத்து வரைந்து, வெட்டி, ரெண்டு தரம் மடித்தால் மடிப்புகள் சந்திக்கிற இடம் நடு. இதை அவளுக்குக் காட்டியது வேறொரு பிள்ளை. தண்டவாளம் போட்ட மாதிரி வண்டி போனபோது அவள் சத்தம் எதுவும் போடவில்லை. நொண்டுகிற வண்டிதான் நன்றாக இருந்தது என்றாள்.

மாண்டிசோரி அம்மையார் 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போரின்போது இத்தாலிக்காரர் என்பதால் திரும்பிப் போக முடியாமல், கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். அவருடைய சாமான்களில் மரக்கட்டைக் குழிகளில் பொருத்துகிற உருளைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. எங்கேயோ ஒன்றைத் தப்பான குழியில் போட்டால் கடைசியில் ஒரு உருளைக்கு இடம் இருக்காது. தப்பு என்று டீச்சர் சொல்ல வேண்டாம், கட்டையே சொல்லிவிடும். பலகையும் எனக்கு அப்படித்தான் உதவுகிறது. நான் சொன்னால் மனசுக்குக் கஷ்டம், பலகை சொன்னால் யாருக்கும் கோபம் வருவதில்லை.

இன்னும் சின்னப் பிள்ளைகளுக்கு, முதுகில் அம்புக்குறிப் பொத்தான் வைத்த தரை ரோபோ ஒன்று வைத்திருக்கிறேன். வண்டு மாதிரி இருக்கும். முன்பக்க அம்பை ஒரு தரம் அமுக்கினால் 15 சென்டிமீட்டர் போகும். இடது அம்பை அமுக்கினால் நின்ற இடத்திலேயே இடது பக்கம் திரும்பும், அவ்வளவுதான், போகாது. ஐந்து வயதுக்காரர்கள் அத்தனை பேரும் இதில் விழுவார்கள். இடது என்று அமுக்கினால் அது நண்டு மாதிரி இடது பக்கம் நகர வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. இன்னொன்று, வண்டு அவர்களைப் பார்த்து வரும்போது அதன் இடது எது, தங்கள் இடது எது என்று முட்டிக்கொள்வார்கள். அப்போது பேப்பர்ட் வழிதான். அவர் 1967ல் சகாக்களோடு சேர்ந்து லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். பிறகு அதில் தரையில் ஊர்கிற ஆமை ஒன்று சேர்ந்தது. ஆமை ஏன் தப்பாகப் போகிறது என்று தெரியாவிட்டால் நீயே ஆமையாக இரு என்பார். எங்கள் அறையில் டைல்ஸ் தரை, கட்டம் போட வேண்டிய வேலையும் மிச்சம். ஒரு பிள்ளை வண்டு, மற்றவர்கள் பொத்தான். "லெஃப்ட்!" என்றதும் வண்டு-பிள்ளை பக்கவாட்டில் நகரும், மற்றவர்கள் "திரும்பு மட்டும்! திரும்பு மட்டும்!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தத்துக்குக் கீழே அப்பாவின் வாடிக்கையாளர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

இதை எல்லாம் கேட்கிற பெற்றோர் முடிவில் கேட்பது ஒன்றுதான்: "கோடிங் எப்போ மேடம் ஆரம்பிப்பீங்க?" மூணு மாசம் ஃபீஸ் கட்டி என் பையன் வீட்டுக்கு அட்டைப்பெட்டிதான் கொண்டுவருகிறான் என்று ஒரு அப்பா சண்டை போட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் சொன்னதும் நிஜம்தான், அட்டைப்பெட்டிதான். எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அந்தப் பயத்தில்தான் நான் செய்யக்கூடாத வேலையைச் செய்தேன். பெற்றோருக்குக் காட்டுவதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். ஏழு வயதுப் பையன் ஒருவன், மோட்டார் வைத்துப் பெருக்குகிற வண்டி செய்திருந்தான். முன்னால் பழைய பெயின்ட் பிரஷ். முந்தின ராத்திரி எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். மற்றவை ஓடின. இவனுடையது நேராகப் போகாமல் வட்டமடித்துக்கொண்டே இருந்தது. திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பெரிய மூடி, மறுபக்கம் சின்ன மூடி. சக்கர அளவு சரியில்லை, பிள்ளை கவனிக்கவில்லை. நானே ஒரு பெரிய மூடியை எடுத்து மாற்றினேன். அஞ்சு நிமிஷ வேலை. வண்டி நூல் பிடித்தாற்போல் போனது. நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் அவன் ஒரு பாலிதீன் பையில் மரத்தூள் கொண்டுவந்திருந்தான். தரையில் அதை வட்டமாகத் தூவினான், கோலம் போடுகிற மாதிரி பொறுமையாக, ஒரு இடத்திலும் விட்டுப்போகாமல். வண்டியை வட்டத்தின் மேல் வைத்து ஸ்விட்சைப் போட்டான். வண்டி நேராகப் போய் அவன் சித்தப்பாவின் செருப்பில் முட்டியது. பெற்றோர் கைதட்டினார்கள். மோட்டார் ஓடியதே, அவர்களுக்கு அது போதும். அவன் வண்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"சின்ன மூடி எங்க மிஸ்?"

நான் அதைக் குப்பைக்கூடையில் போட்டிருந்தேன். கூடையையும் காலையில் கொட்டியாகிவிட்டது. வேறு சின்ன மூடி தேடித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்த வண்டியை அவன் பிறகு தொடவே இல்லை. இன்னும் நாலைந்து வாரம் வந்தான், பிறகு வரவில்லை. டியூஷன் இருக்கிறது என்று வீட்டில் சொன்னார்கள். இருக்கலாம்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் ஒரு ஸ்டேட்டர், ஸ்லாட்டுக்குள் காகிதம் செருகிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "பாக்காமக் கட்டிட்ட" என்றார்.

அதற்குப் பிறகு பெற்றோர் நாள் வைப்பதில்லை. எந்தச் சனிக்கிழமை வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கையை மட்டும் நீட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஒரு வண்டி சரியாகப் போகாவிட்டால், "எங்க போகணும்னு நெனச்ச?" என்று கேட்ட பிறகுதான் திருப்பிப் பார்ப்பது. பாதி நேரம், நான் பிழை என்று நினைத்தது பிழையாக இருப்பதில்லை. ரெண்டு மோட்டாரையும் எதிரெதிராக வைத்து ஒரே மாதிரி ஒயர் கொடுத்தால் வண்டி நின்ற இடத்தில் பம்பரமாகச் சுற்றும். ஒரு பக்கத்து ஒயரை மாற்றிக் கொடுத்தால் நேராகப் போகும். இதைக் கண்டுபிடித்த பிறகும், வேண்டுமென்றே பழையபடி மாற்றிச் சுற்றவிட்டு, மேலே ஒரு பொம்மையை உட்காரவைத்து ராட்டினம் என்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

போன சனிக்கிழமை ஒரு புதுப் பையன் சேர்ந்தான். ஐந்தரை வயது இருக்கும். மூடி நாலையும் ஒட்டினான். அழுத்தமாக. பலகையில் வைத்தான், தள்ளிப் பார்த்தான், வண்டியிடம் என்னமோ சொன்னான். பலகைக்கு அடியில் ஏற்கெனவே மூணு புத்தகம் இருந்தது. அவனோடு வந்த அம்மாவின் கை முந்தானைக்குள் துடித்துக்கொண்டிருந்தது.

"மிஸ், இன்னும் ரெண்டு புக் வேணும். குண்டா இருக்கிறது."

எடுத்துக் கொடுத்தேன்.